பொய்ச் சதைக்கு மெய்யளவு

உடலுக்குள் ஒளி பாய்ச்சி நோய் பார்க்கும் கருவிகளைச் சோதிக்கப் போலித் திசு தேவை. அதைச் செய்வது சமையல் மாதிரி சுலபம். அது ஒளியை எவ்வளவு சிதறடிக்கிறது என்று அளப்பதுதான் கஷ்டம். அந்த வேலைக்கு இப்போது மைக்ராஸ்கோப் உதவுகிறது.

இருட்டறையில் ஒரு டார்ச் விளக்கை உள்ளங்கையால் பொத்திப் பாருங்கள். விரல்கள் சிவந்து ஒளிரும். ஆனால் எலும்பு தெரியாது. எக்ஸ்ரே படத்தில் பளிச்சென்று விழும் எலும்பின் நிழல், டார்ச் வெளிச்சத்தில் ஏன் விழுவதில்லை? ஒளி கைக்குள் போகவில்லை என்பதல்ல காரணம். போகிறது, மறுபக்கம் வெளியேயும் வருகிறது. பச்சையையும் நீலத்தையும் ரத்தம் விழுங்கிவிடுவதால் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. அந்தச் சிவப்பும் நேர்வழியில் வருவதில்லை. சதைக்குள் நுழையும் ஒளி, சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் எதன் மீதாவது மோதித் திசை மாறுகிறது. செல்லின் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கொலாஜன் நார் எல்லாமே அதற்கு இடைஞ்சல்தான். விரலைக் கடப்பதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மோதல்கள். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட சிறுவன் எந்தத் தெருவில் வெளிப்படுவான் என்று சொல்ல முடியாதது போலத்தான் இதுவும்.

இப்படி வழி தவறிய ஒளியை நம்பித்தான் இன்று பல மருத்துவக் கருவிகள் இயங்குகின்றன. பச்சிளம் குழந்தையின் மூளைக்கு ஆக்சிஜன் போகிறதா என்று நெற்றியில் ஒட்டிப் பார்க்கும் கருவி ஒன்று. மார்பகக் கட்டியை அகச்சிவப்பு ஒளியால் தேடும் கருவி இன்னொன்று. எல்லோருக்கும் தெரிந்தது, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். 2021இல் கொரோனா இரண்டாம் அலை வீசியபோது இந்தியக் குடும்பங்கள் அந்தச் சின்ன கிளிப்பில் தெரிந்த எண்ணை வைத்தே உயிர் விஷயத்தைத் தீர்மானித்தன. 94க்கு மேலே என்றால் வீட்டிலேயே இருக்கலாம். கீழே போனால் ஆஸ்பத்திரியில் படுக்கை தேடி ஓட வேண்டும்.

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய நேரத்தில், தமனி ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தால் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்த சம்பவங்கள் எத்தனை? வெள்ளையர்களிடம் 3.6 சதவீதம். கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். அதாவது கறுத்த தோலுடைய நோயாளிக்கு மூச்சுத் திணறல் முற்றிக்கொண்டிருந்தாலும் கருவி 'பரவாயில்லை' என்று சொல்லிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆய்வு நடந்தது அமெரிக்காவில். ஆனால் மாநிறம், கறுப்பு என்று தோலின் எல்லா நிறங்களும் கொண்ட நம் நாட்டில் இதைப் படிப்பவருக்கு வயிற்றைக் கலக்காமல் இருக்காது.

பழியைத் தோலின் நிறமியான மெலனின் மீது மட்டும் போட்டுவிட முடியாது. பிரச்னையின் வேர் ஒளிச்சிதறலில் இருக்கிறது. ஜப்பானிய இன்ஜினியர் தக்குவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த உத்தி எளிமையானது: சிவப்பு, அகச்சிவப்பு என்று இரண்டு ஒளிகளை விரலில் செலுத்தி, நாடித்துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் ஒப்பிட்டால் போதும். ரத்தம் வெறும் சிவப்புச் சாயம் கலந்த தெளிந்த நீராக இருந்தால், பள்ளிக்கூடப் பாடத்தில் வரும் சூத்திரமே விடை தந்துவிடும். ஆனால் ஒளி சதைக்குள் அலைந்து திரிகிறது. சிவப்பு அலையும் தூரம் வேறு, அகச்சிவப்பு அலையும் தூரம் வேறு.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டுப் பால் விட்டு, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் பிடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் லேசான நீலம். எதிர்ப்பக்கமிருந்து விளக்கையே பார்த்தால் மஞ்சள், பால் கூடக் கூடச் சிவப்பு. பாலில் மிதக்கும் நுண்துகள்கள் நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் சிதறடிப்பதால் வரும் வித்தை. சிதறல் துகளின் அளவைப் பொறுத்தது, ஒளியின் நிறத்தைப் பொறுத்தது.

சூத்திரம் கைவிட்டதால் கருவி தயாரிப்பவர்கள் மனிதர்களையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். ஆரோக்கியமான சிலரைச் சோதனைக்கூடத்தில் படுக்கவைத்து, சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 70 சதவீதம் வரை இறக்கி, அவ்வப்போது தமனியிலிருந்து ரத்தம் எடுத்துக் கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி இதற்குக் குறைந்தது பத்து பேர் போதும். அதில் இருவர், அல்லது மொத்தத்தில் 15 சதவீதம் பேர், கறுத்த தோலினராக இருந்தால் சரி. இரண்டு பேர்! மிச்சிகன் கணக்கு கிளப்பிய புயலுக்குப் பிறகு 2025 ஜனவரியில் அதே நிர்வாகம் வெளியிட்ட வரைவு, 150 பேருக்குக் குறையாமல் வேண்டும் என்கிறது. நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு புது மாடலுக்கும் இத்தனை பேரை மூச்சுக்குத் தவிக்கவிட்டுத்தான் ஆக வேண்டுமா? இவர்களுக்குப் பதிலாக ஒரு பொம்மை விரல் கூடாதா?

பொம்மை தயார்தான். 'ஃபேன்டம்' என்று விஞ்ஞானிகள் அழைக்கும் போலித் திசுவின் செய்முறை, சமையல் குறிப்பு போலவே இருக்கும். முதலில் உடம்பு: தண்ணீர், ஜெலட்டின், அகர் அகர் (நம் ஊரில் கடல்பாசி என்று இனிப்பு செய்வார்களே, அதேதான்) அல்லது சிலிகோன் ரப்பர். இரண்டாவது, ஒளியை விழுங்க ஒரு கறுப்பு. இதற்குப் பெரும்பாலும் படம் வரையும் 'இந்தியன் இங்க்'. சீனாவில் பிறந்த மைக்கு இந்தியப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்பது தனிக் கதை. மூன்றாவது, ஒளியைச் சிதறடிக்க ஒரு வெள்ளை. இங்கேதான் ஒரு விசித்திரமான பொருள் நுழைகிறது: 'இன்ட்ராலிப்பிட்'. வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு நரம்பு வழியாக ஏற்றும் கொழுப்புணவு இது. சோயா எண்ணெயையும் முட்டையின் பாஸ்போலிப்பிடையும் கலந்து ஸ்வீடன்காரர் ஆர்விட் ரெட்லிண்ட் உருவாக்கியது. 1962 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பால் மாதிரியே வெள்ளை. ஆனால் பால் போல நாளுக்கொரு தரம், மாட்டுக்கொரு கொழுப்பு என்று மாறாது. மருந்துக் கம்பெனியின் கட்டுப்பாட்டில் தயாராவதால் பாட்டிலுக்குப் பாட்டில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. சாப்பாடாக வந்தது, ஒளியியல் சோதனைக்கூடங்களின் அளவுகோலாகிவிட்டது.

அதை அளவுகோலாக்கியதில் மைக்ராஸ்கோப்புக்குப் பங்குண்டு. 1991இல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் இன்ட்ராலிப்பிட்டின் கொழுப்புத் திவலைகளை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படமெடுத்து ஒவ்வொன்றாக அளந்தார்கள். பெரும்பாலானவை மிகச் சிறியவை. சராசரி விட்டம் 100 நானோமீட்டரை ஒட்டியே இருந்தது. உருண்டையான துகளின் அளவு தெரிந்தால் அது ஒளியை எப்படிச் சிதறடிக்கும் என்று சொல்லும் கணிதத்தை ஜெர்மானியரான குஸ்டாவ் மீ 1908லேயே எழுதி வைத்திருந்தார். அளந்த திவலைகளை அந்தக் கணிதத்தில் போட்டுப் பார்த்தார்கள். நேரடி ஒளிச் சோதனைகளோடு விடை ஒத்துப்போனது. பிறகு 2014இல் ஆறு நாடுகளைச் சேர்ந்த ஒன்பது சோதனைக்கூடங்கள் ஒரே இன்ட்ராலிப்பிட்டையும் ஒரே இந்தியன் இங்க்கையும் பங்கு போட்டுக்கொண்டு, தத்தம் முறையில் அளந்து, முடிவுகளைச் சேர்த்தன. சிதறல் எண்ணில் நிச்சயமின்மை ஒரு சதவீதம். மையின் உறிஞ்சும் எண்ணில் சுமார் இரண்டு. ஒளி உயிரியலில் இது சாதாரண சாதனையல்ல.

ஆனால் திரவத்தை வைத்து விரல் செய்ய முடியாது. திடப்பொருளுக்கு வரும்போதுதான் தகராறு ஆரம்பம். சிலிகோனில் பெரும்பாலும் சேர்க்கும் வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டில் இருக்கும் அதே பொடி. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணலில் கிடைக்கும் இல்மனைட்தான் அதற்கு மூலப்பொருள்களில் ஒன்று. இந்தப் பொடிக்கு இரண்டு கெட்ட குணங்கள். ஒன்று, ஒன்றோடொன்று ஒட்டி உருண்டை கட்டும், ரவா உப்புமாவில் கட்டி விழுவது போல. இரண்டு, கனமானதால் சிலிகோன் இறுகுவதற்குள் அடியில் படியும். இரண்டுமே சிதறலை மாற்றிவிடும். ஒரே எடைப் பொடியைப் போட்டு இரண்டு பேர் செய்த இரண்டு பொம்மைகள் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம்.

வழக்கமான அளவீட்டு முறை இதைக் கண்டுபிடிக்காது. உள்ளே வெள்ளை பூசிய கோளம் ஒன்றின் வாயில் மாதிரித் துண்டை வைத்து, எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது, எவ்வளவு ஊடுருவுகிறது என்று மொத்தமாக அளந்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுச் சிதறலைக் கண்டுபிடிப்பது அந்த முறை. நம்பகமானதுதான். ஆனால் அது தருவது சராசரி. வீட்டு வாசலில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டு உள்ளே எத்தனை பேர் என்று சொல்வது மாதிரி. மைக்ராஸ்கோப் உள்ளே போய் எண்ணிப் பார்க்கிறது.

எப்படி எண்ணுகிறது? அதிகம் பயன்படுவது கன்ஃபோகல் மைக்ராஸ்கோப். லேசர் ஒளியை மாதிரிக்குள் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் ஒரு புள்ளியாகக் குவித்து, அந்தப் புள்ளியிலிருந்து திரும்பும் ஒளியை மட்டும் ஊசித்துளை வழியாகப் பிடிக்கும். குவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே போனால், திரும்பி வரும் ஒளி குறைந்துகொண்டே போகும். எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ அவ்வளவு சிதறல். ஒளி போகும்போதும் அடி வாங்குகிறது, வரும்போதும் வாங்குகிறது என்பதால் வீழ்ச்சி இரட்டிப்பு. சராசரியாக 0.1 மில்லிமீட்டருக்கு ஒரு மோதல் என்ற தோல் போன்ற பொருளில், 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் மேற்பரப்பைப் போல ஏழில் ஒரு பங்கு ஒளிதான் திரும்பும். 0.2இல் ஐம்பத்தைந்தில் ஒரு பங்கு. 0.3இல் நானூறில் ஒரு பங்கு. அதற்குக் கீழே பெரும்பாலும் இரைச்சல்தான்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த மைக்ராஸ்கோப்புக்கு 1957இல் காப்புரிமை கேட்டவர் மார்வின் மின்ஸ்கி, பின்னாளில் செயற்கை அறிவின் முன்னோடிகளில் ஒருவராகப் புகழ் பெற்றவர். மூளைத் திசுவைப் பார்க்க முயன்றபோது சிதறிய ஒளி படத்தை மங்கலாக்கியது. அதைத் தடுக்கத்தான் ஊசித்துளையை வைத்தார். சிதறலைத் துரத்தப் பிறந்த கருவி இன்று சிதறலை அளக்கிறது.

ஆனால் எத்தனை மோதல் என்பது மட்டும் போதாது. ஒவ்வொரு மோதலிலும் ஒளி எவ்வளவு திரும்புகிறது என்பதும் வேண்டும். எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறினால் அதற்கு மதிப்பெண் பூஜ்யம். திரும்பாமல் நேரே போனால் ஒன்று. 1987இல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீவன் ஜாக்ஸ் குழுவினர் மனிதத் தோலின் மெல்லிய சீவல்களில் சிவப்பு லேசரைப் பாய்ச்சி அளந்தபோது கிடைத்தது 0.81. முன்னோக்கிய சிதறல்; சுமார் ஐந்து மோதலுக்குப் பிறகுதான் ஒளி தான் வந்த திசையை மறக்கிறது. அவர்கள் அந்த வளைவுக்குப் பொருத்திய சூத்திரம் தோலுக்காக எழுதப்பட்டதல்ல. விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் தூசி ஒளியை எப்படிச் சிதறடிக்கிறது என்று சொல்ல, 1941இல் யெர்க்ஸ் வானாய்வகத்தின் ஹென்யே, கிரீன்ஸ்டீன் இருவரும் எழுதியது. அதே யெர்க்ஸில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர். விண்மீன்களின் வாயு மண்டலத்தில் ஒளி பயணிப்பதைப் பற்றி அவர் 1950இல் வெளியிட்ட 'ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்' நூலின் அடிப்படைச் சமன்பாட்டைத்தான் இன்று விரலுக்குள் ஒளி போகும் வழியைக் கணக்கிடவும் பயன்படுத்துகிறார்கள். அவருடைய சித்தப்பா சி.வி. ராமன், 1921இல் மத்தியதரைக்கடலின் நீலத்தைப் பார்த்துவிட்டு ஒளிச்சிதறலில் இறங்கியவர். ஒரே குடும்பத்தில் ஒருவர் கடலில் ஆரம்பித்தார், இன்னொருவர் விண்மீனில்.

திசையை மைக்ராஸ்கோப்பிலும் பிடிக்கலாம். அதன் பொருளருகு லென்ஸுக்குப் பின்னால் ஒரு தளம் இருக்கிறது. அங்கே விழும் ஒவ்வொரு புள்ளியும் மாதிரியிலிருந்து ஒளி கிளம்பிய ஒரு கோணத்தைக் குறிக்கும். அந்தத் தளத்தைப் படம் பிடித்தால் சிதறல் கோணங்களின் வரைபடமே கிடைத்துவிடும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மறைந்த கேப்ரியல் போப்பெஸ்குவின் குழு 2011இல் வேறு வழி காட்டியது. மெல்லிய சீவல் கண்ணுக்குக் கண்ணாடி போலத் தெரிந்தாலும் அதன் வெவ்வேறு இடங்கள் ஒளியை வெவ்வேறு அளவு தாமதப்படுத்துகின்றன. அந்தத் தாமதத்தின் ஏற்றத்தாழ்வைப் புள்ளி புள்ளியாக அளந்து, சீவலின் தடிமனை அந்த ஏற்றத்தாழ்வின் மாறுபாட்டு எண்ணால் வகுத்தால் இரண்டு மோதல்களுக்கு இடைப்பட்ட சராசரி தூரம் கிடைத்துவிடுகிறது.

கேட்கச் சுலபம். செய்யப் போனால் மைக்ராஸ்கோப்பும் பொய் சொல்லும். லேசாகத் திரும்பிய ஒளியையும் அகன்ற லென்ஸ் சேர்த்து வாங்கிக்கொண்டு, அது மோதவே இல்லை என்று கணக்குக் காட்டும். சிதறல் குறைவாகத் தெரியும். கண்ணாடி, எண்ணெய், ஜெல் ஆகியவற்றின் ஒளிவிலகல் எண்கள் பொருந்தாவிட்டால், ஆழம் போகப்போகக் குவியமே கலைந்து ஒளி குறையும். சிதறல் அதிகமாகத் தெரியும். ஜெலட்டின் துண்டு விளக்குச் சூட்டில் காய்ந்து சுருங்கினால் துகள்கள் நெருங்கி எண் மாறும். நாலு நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும். எனவே முதலில், அளவு துல்லியமாகத் தெரிந்த பாலிஸ்டைரின் உருண்டைகளை ஜெல்லில் போட்டு, மீயின் கணிதம் சொல்லும் விடையை மைக்ராஸ்கோப்பும் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதை அளக்க வேண்டும். போலித் திசுவைச் சோதிக்க ஒரு கருவி, அந்தக் கருவியைச் சோதிக்க இன்னொரு போலித் திசு. பொறுமையில்லாதவர்களுக்கான வேலையல்ல.

இத்தனை பாடுபட்டும், பல்ஸ் ஆக்சிமீட்டரின் துல்லியத்துக்குச் சான்று தர இன்னும் பொம்மை விரலை ஏற்பதில்லை. மனிதர்கள்தான் கையை நீட்ட வேண்டும். துடிக்கும் ரத்தம், விரிந்து சுருங்கும் நாளம், அடுக்கடுக்கான தோல் எல்லாவற்றையும் ஒரே பொம்மையில் கொண்டுவருவது அவ்வளவு கடினம். மூளை ஆக்சிஜனை அளக்கும் கருவிகளின் கதை கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. அவற்றின் சோதனையில் போலித் திசுவுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

தோல் நிறத்தின் விஷயத்தில்தான் மைக்ராஸ்கோப் தவிர்க்க முடியாததாகிறது. மெலனின் தோல் முழுக்கப் பரவியிருப்பதில்லை. மேல்தோலில், பெரும்பாலான இடங்களில் 0.1 மில்லிமீட்டரை ஒட்டிய அடுக்கில் மட்டும் இருக்கிறது. மாநிறத்தையும் கறுப்பையும் போலியாகச் செய்ய வேண்டுமானால் காகிதம் போல மெல்லிய நிறமி அடுக்கை வார்த்து, வெள்ளைச் சிலிகோன் மேல் ஒட்ட வேண்டும். அந்த அடுக்கு ஒரு முனையில் 0.08, மறுமுனையில் 0.12 மில்லிமீட்டர் என்று இருந்துவிட்டால், ஒரே துண்டில் இரண்டு நிறத் தோல். நிறமியும் சும்மா இருக்காது, விழுங்குவதோடு சிதறவும் வைக்கும். கட்டி கட்டினால் இரண்டும் மாறும். மொத்தமாக அளக்கும் கோளத்துக்கு இந்த மெல்லிய அடுக்கு பிடி கொடுக்காது. தடிமன், கட்டி, சிதறல் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க மைக்ராஸ்கோப்தான் வழி.

இந்தியாவுக்கு இது புது வித்தை அல்ல. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆர்.எம். வாசு, ஏ.கே. சூட் உள்ளிட்ட குழுவினர் 2005லேயே பாலிவினைல் ஆல்கஹால் ஜெல்லை உறையவைத்து உருக்கி, மார்பகத் திசுவின் ஒளிக்குணமும் மென்மையும் ஒருசேர வரும்படி போலித் திசு செய்து, அளந்து, வெளியிட்டார்கள். அமெரிக்காவின் தேசிய அளவியல் நிறுவனமும் ஜெர்மனியின் பிடிபியும் போலித் திசுக்களை அளப்பதைத் தங்கள் வேலையாகவே எடுத்துக்கொண்டிருக்கின்றன. நம்முடைய மீட்டருக்கும் கிலோகிராமுக்கும் காவலாக இருக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அலமாரியிலும், காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள தோல் நிறங்களில் செய்த, மைக்ராஸ்கோப்பில் அளந்து சீட்டு ஒட்டிய சிலிகோன் துண்டுகளை வைக்கலாம். செலவு பெரிதல்ல. ஒரு ஆக்சிமீட்டர் சந்தைக்கு வருவதற்கு முன், அது எந்த நிறத்தில் தடுமாறுகிறது என்று மேஜை மேலேயே ஓரளவு தெரிந்துவிடும். மூச்சைக் குறைத்துக்கொள்ளும் மனிதர்களிடம் அந்தக் கருவி வருவது அதற்குப் பிறகு.